ஓசூரில் ‘நீர்மட்டம்’ கேட்ட ஞாயிற்றுக்கிழமை

ஓசூருக்கு யாரும் இசை கேட்கப் போவதில்லை. வேலைக்குப் போவார்கள், இல்லையென்றால் பெங்களூர் போகும் வழியில் டீ குடிக்க இறங்குவார்கள். கடந்த தை மாதம் நான் போனது ‘நீர்மட்டம்’ என்ற இசைத் தொகுப்புக்காக. மொத்தம் ஐந்து துண்டுகள். பாடல் வரிகள் கிடையாது, தாளம்கூடக் கிடையாது. வயலின்களும், வயலினைவிடப் பெரிய, கனத்த குரலுள்ள செல்லோவும் கணினியில் உண்டாக்கிய ஒலிகளோடு கலந்து மெதுவாக எழும்பி மெதுவாக அடங்கும். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரம் மருத்துவமனை வராந்தாவில் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சோகமான இசைதான். ஆனாலும் பக்கத்தில் யாரோ பேசாமல் உட்கார்ந்திருப்பது போல ஆறுதலாக இருந்தது. அப்பா வீடு திரும்பியதும் அதை உருவாக்கியவருக்கு நன்றி சொல்லி எழுதினேன்.

அவர் பெயர் குமரேசன். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. மூன்றாவது துண்டில் செல்லோ வாசித்த சேவியர், கம்பெனி பஸ் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசிப்பார். ஒலிப்பதிவு முடிந்து சில மாதங்களில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருடைய மனைவி ரெஜினா இதுவரை அந்த இசையைக் கேட்கவே இல்லை. “இப்பதான் அக்கா கேக்கறேன்னு சொல்லியிருக்காங்க. தனியாப் போட்டுக் காட்ட எனக்குப் பயமா இருக்குதுங்க. வெளியாள் ஒருத்தர் இருந்தா கொஞ்சம் தைரியம் வரும். வர்றீங்களா?” என்று கேட்டிருந்தார் குமரேசன்.

வேலூரில் காலை ஆறு மணிக்கு பெங்களூர் பஸ் பிடித்தேன். கிருஷ்ணகிரி வரை தூங்கிவிட்டேன். குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை இல்லை, அதனால் நெரிசலும் இல்லை. வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சூளகிரி தாண்டியதும் ஜன்னலை மூட வேண்டியிருந்தது, அவ்வளவு குளிர். சாலையின் இருபுறமும் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். பத்தரை மணிக்கு ஓசூர்.

ரெஜினாவின் வீடு கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் சாலையில். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் போனில் தெலுங்கு பேசினார், சிக்னலில் நின்ற இன்னொருவரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். ஆச்சரியப்பட்டுக் கேட்டேன். “மூணும் தெரியலைன்னா இந்த ஊர்ல சவாரி கெடைக்காது மேடம்” என்று சிரித்தார்.

ரெஜினாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ரோஜாக்களைக் கட்டி அனுப்பும் ஒரு பேக்கிங் ஷெட்டில் வேலை; விரல்களில் முள் கீறிய தடங்கள். சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். குமரேசன் இரண்டு ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு வயரை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தார். ரெஜினா ஒரு முறம் நிறைய மொச்சையைக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தார்.

“கையில எதாச்சும் வேலை இருந்தாத்தான் என்னால கேக்க முடியும். நீ போடு தம்பி.”

மூன்றாவது துண்டு ஓடியது. செல்லோவின் ஒற்றைச் சுரம், அடியில் ஏதோ இயந்திரம் தூரத்தில் ஓடுவது போன்ற மெல்லிய முழக்கம். கொஞ்ச நேரம் மொச்சை உரிக்கும் சத்தமும் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. இசை முடிந்தது.

“இது எங்க ஊட்டுக்காரர் இல்ல தம்பி” என்றார் ரெஜினா.

குமரேசன் ஸ்பீக்கரிலிருந்து நிமிர்ந்தார். “அவருதான்க்கா.”

“அந்த வில்லை ஒரே பக்கமா இத்தன நேரம் யாரால இழுக்க முடியும்? கை எட்டற வரைக்கும்தான வரும்? அப்புறம் திருப்பணுமில்ல?”

“அவர் வாசிச்சது ஒரே ஒரு இழுப்புதான். நான் அதை கம்ப்யூட்டர்ல போட்டு பதினோரு நிமிஷத்துக்கு நீட்டிட்டேன்.”

“எதுக்கு?”

குமரேசன் மிச்சமிருந்த வயரைச் சுற்றத் தொடங்கினார். “அவர் போனப்புறம்தான்க்கா இதைச் செஞ்சேன். அது சட்டுனு முடியறது எனக்குப் புடிக்கல.”

ரெஜினா ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். “நீட்டாதது இருக்குதா?” என்றார்.

இருந்தது. லேப்டாப்பில் தேடி எடுத்தார். அதே சுரம், மிகவும் குட்டியாக. வந்ததும் முடிந்துவிட்டது. நாற்காலி கிறீச்சிடும் சத்தம். அதன்பின் ஓர் ஆண்குரல், சாதாரணமாக: “போதுமா குமரேசா? இன்னொருக்கா வாசிக்கட்டுமா, இல்ல டீ சொல்லட்டுமா?”

ரெஜினா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “டீ சொல்றாராம்! இங்க நீங்க பதிஞ்சப்ப அடுப்படியில நின்னு டீ போட்டவ நாந்தான். அவர் கூப்பிட்ட சத்தத்துக்குத் திரும்பினேன், பால் பொங்கிருச்சு அன்னிக்கு.” சிரித்துக்கொண்டேதான் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மூன்று முறை அதைப் போடச் சொன்னார்.

“வேணும்னா இந்தக் குரலையும் கடைசில சேத்து மறுபடி வெளியிடறேன்க்கா” என்றார் குமரேசன்.

“வேணாம். அதை என் போன்ல ஏத்திக் குடு, போதும். ஊருக்கு நீ நீட்டினது இருக்குதில்ல.” முறத்தை ஓரமாகத் தள்ளினார். “இப்ப அந்த நீளமானதைப் போடு. முழுசாக் கேக்கறேன்.”

நீளமானதை இரண்டாவது முறை கேட்டபோது அவர் கைகள் மடியிலேயே இருந்தன.

சாப்பிட்டுவிட்டு மூவரும் அணைக்குப் போனோம். போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், வெயில் இறங்கியிருக்கும். ஷட்டர் பக்கம் கழிவு கலந்த நீரில் வெள்ளையாக நுரை மிதக்கும், இறங்க வேண்டாம். தொகுப்பின் கடைசித் துண்டில் வரும் நீரோசை இங்கே பதிந்ததுதான். திரும்பிவர ஆட்டோ எளிதில் கிடைக்காது, போன ஆட்டோவையே நிறுத்திவைத்துக்கொள்வது நல்லது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி பக்கம் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

‘நீர்மட்டம்’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அந்த அடிமுழக்கம் காதுக்கே வராது. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஆறுதல் தேவைப்படும் நாளில் கேளுங்கள், வேறு நாளில் அது வெறும் மெதுவான இசையாகத் தோன்றலாம்.

பஸ் ஏறும்முன் ரெஜினாவிடம் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். 

“டீ கேட்டாருன்னு எழுதிக்க கண்ணு. கொரலு மட்டும் எங்கூட இருக்கட்டும்.”