கவரிங் லெட்டரில் வாப்பாவின் கண்

எங்கள் ஊர்க் கொமினிகேசன் கடையில் வேலை கேட்கும் கடிதம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் முகவரியையும் சொன்னால் போதும், கடைக்காரர் மாற்றித் தட்டி அச்சடித்துத் தந்துவிடுவார். வறிய குடும்பம், வாப்பா சுகமில்லாதவர், தயவுகூர்ந்து கருணை காட்டவும், ஆயுள் முழுக்க நன்றி மறவேன். நிந்தவூரில் பட்டம் முடித்த பாதிப் பேர் இதைத்தான் அனுப்பியிருப்போம். நானும் நாலு இடத்துக்கு அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இது வேலை கேட்கும் கடிதமா, தர்மமாக ஸகாத் கேட்கும் கடிதமா என்று ஐந்தாம் தரம்தான் எனக்குக் கோபம் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் பிந்தித்தான் வரும். வந்தால் இலேசில் போகாது.

ஐந்தாவது இடம், கல்முனையில் உழவு மெசினும் வெட்டு மெசினும் வாடகைக்கு விடும் ஒரு கம்பனி. எந்த மெசின் எந்த நாள் எந்த வயலுக்குப் போவது என்று ஒழுங்குபடுத்த ஆள் தேவை என்றிருந்தது. விளம்பரத்தின் அடியில் இன்னொரு வரி. இந்த வேலைக்குப் பொருத்தமாக இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று கவரிங் லெட்டரில் எழுத வேண்டுமாம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வீட்டில் இருக்கிறவள் என்னத்தைச் செய்திருப்பேன் என்று வெறும் தாளோடு அரை நாள் இருந்தேன். பிறகுதான் உறைத்தது, சட்டி நிறையவே இருந்தது. ஆனால் அது வாப்பாவின் சட்டி.

வாப்பா வட்டை விதானை; வட்டை என்றால் வயல்வெளி. ஒரு வாய்க்காலில் பாயும் வயல்களுக்கு எந்த நாள் யாருக்குத் தண்ணீர் என்று முறை வைப்பவர். போகம் தொடங்கும்போது வயல்காரர்கள் கூட்டம் கூடித் தெரிவு செய்வார்கள். வருடக்கணக்காக அவரைத்தான் தெரிவு செய்தார்கள். நாலு வருடத்துக்கு முன் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருடைய கண்ணைப் பிடித்தது. ஆள் தெரியும், வரம்பு தெரியும், எழுத்துத் தெரியாது. அன்றிலிருந்து முறைப் பட்டியலை எழுதியது நான். அவர் சொல்லச் சொல்ல எழுதியது முதல் போகம் மட்டும்தான். பிறகு முறை வைப்பதும், போன் எடுப்பதும், வாப்பா சொன்னதாகச் சொல்லித் தண்ணீர்ச் சண்டை தீர்ப்பதும் எல்லாம் என் வேலையாகிவிட்டன. வாப்பா பட்டியலைச் சட்டைப் பையில் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுப்பார். கண் விசயம் வீட்டு மதிலைத் தாண்டக் கூடாது என்பது உம்மாவின் கட்டளை. தெரிந்தால் வேறு விதானையைப் பார்த்துவிடுவார்கள். விதானை என்ற சொல் போனால் வாப்பாவுக்கு விடிந்தால் எழும்பிப் போக ஓர் இடம் இல்லை.

அந்தக் கம்பனி முதலாளிக்கோ எங்கள் வாய்க்காலில்தான் வயல்.

அதனால் கணினி தெரியும், கடுமையாக உழைப்பேன் என்று எதையோ எழுதி முடித்தேன். அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதில நீ செஞ்சது ஒண்டும் இல்லையே, மகள்."

"நான் என்னத்தச் செஞ்ச?"

"தண்ணி முற ஆர் எழுதின? உம்மாவா?"

உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அத எழுதினா உங்கட கண் விசயம் அவருக்குத் தெரிய வந்திரும் வாப்பா. அவர்ட வயலும் நம்மட வாய்க்கால்லதான். கூட்டத்தில கதைப்பார்."

"ஓம். அது எனக்குத் தெரியும்."

"பின்ன?"

"எனக்கு எழுத்து மட்டுந்தான் தெரியிற இல்ல. மத்ததெல்லாம் தெரியும். நீ எழுது."

உம்மா எங்கள் இருவரையும் மாறி மாறி ஏசினார். வாப்பா தேநீரைக் குடித்து முடித்தார்.

கடையில் தட்டக் கொடுத்தால் மஃரிபுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று கையாலேயே எழுதினேன். வறுமை, கருணை, ஆயுள் நன்றி எதுவும் இல்லை. ஒரு சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்து கடைசி வயல்களுக்கு எட்டாமல் போனபோது, முறையைத் தலைகீழாக்கி வாய்க்காலின் கடைசியிலிருந்து தொடங்கியதை எழுதினேன். முன்வயல்காரர் இருவர் போனில் ஏசியதையும், அவர்களைச் சமாளித்த விதத்தையும் எழுதினேன். தந்தையின் பார்வை குறைந்ததால் இவற்றை நானே செய்தேன் என்ற வரியை மூன்று தாளில் எழுதிக் கிழித்தேன். நாலாவது தாளை அனுப்பினேன்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி வாப்பாவின் வயதுக்காரர். என் கடிதத்தை மேசையில் விரித்தார். பிறகு தன் பணப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அது போன போகத்துத் தண்ணீர் முறை.

"வாப்பாட எழுத்து எங்களுக்குத் தெரியாதா, மகள்? கோழி கிண்டின மாதிரி இரிக்கும். நாலு வருசமா வாறது முத்து முத்தா இரிக்கி."

முழுப் பூசணிக்காயை நாலு வருடமாகச் சோற்றில் மறைத்திருக்கிறோம், வீடு முழுக்கச் சேர்ந்து. எனக்கு முகம் எரிந்தது.

"எல்லாருக்கும் தெரியுமா, சேர்?"

"வட்டைக்கே தெரியும். தண்ணி சரியா வந்த. பிறகு என்னத்துக்கு அந்த மனுசன நோகடிக்கிற?" கொஞ்சம் யோசித்தார். "நீங்க இங்க வந்தா இத ஆர் எழுதுற?"

நான் அந்தத் தாளை மடித்து அவரிடமே நீட்டினேன். ஒன்றாம் திகதி வரச் சொன்னார்.

வேலை கிடைத்ததை மட்டும் வாப்பாவிடம் சொன்னேன். ஊருக்கே தெரியும் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து பட்டியலை எழுதித் தருகிறேன் என்றேன். "பாப்பம்" என்றார்.

நான் வேலைக்குப் போன இரண்டாம் வாரம் வயல்காரர்களின் போகக் கூட்டம் நடந்தது. வாப்பா வந்து கால் கழுவினார், நல்லா நடந்த என்றார், சாப்பிட்டார். நானும் துருவவில்லை.

அடுத்த நாள் காலையில் முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"நேத்து வாப்பா எழும்பி நிண்டு சொன்னார், மகள். எனக்குக் கண் தெரியாம நாலு வருசம், முற எழுதினது என்ட மகள், ஒரு நாளும் பிழச்ச இல்ல, அவக்கு இப்ப வேல கெடச்சிட்டு, நீங்க வேற ஆளப் பாருங்க எண்டு."

"நீங்க எல்லாரும் என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ற? முதல் தரம் கேக்கிற மாதிரிக் கேட்டுக்கிட்டு இரிந்த."

செருப்பைத் தேடுகிறவள் போல மேசைக்குக் கீழே குனிந்து அழுதேன். மேலே போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதை அவர்தான் எடுத்தார்.