கடுகில் பாதி

நுரையீரல் புற்றுநோய்க்காரரின் சதைத் துணுக்கைச் சென்னைக்கு அனுப்பி, ஜீன் மாற்றம் உண்டா இல்லையா என்ற பதிலை வாங்கிக் கொடுப்பது என் தொழில். உண்டென்றால் மாத்திரை, இல்லையென்றால் கீமோ, எதுவானாலும் ஏச்சு எனக்கு. ஏதாவதொரு லேப் வாசலில் ரிப்போர்ட்டுக்குக் காத்துக் கிடந்த உங்களுக்கு இதை விளக்கவா வேண்டும்!

ஒரு கட்டம்

வடசேரியில் எங்கள் கலெக்‌ஷன் சென்டர். கொட்டாரத்து விவசாயி சுயம்பு அண்ணாச்சியை மகள் தங்கபுஷ்பம் ஆட்டோவில் கூட்டி வந்தாள். படிவத்தில் 'புகைப்பழக்கம்' என்றொரு கட்டம். கேட்டதும் மனுஷனுக்கு முகம் சுண்டிப்போச்சு. ஊரில் பார்க்கிறவனெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை கட்டு பீடி என்று கேட்டே கொன்றிருக்கிறான்கள். 'இல்லை' என்று எழுதினேன். பீடி குடிக்காதவங்களுக்குத்தான் இந்த மாற்றம் கூடுதலாக் காணும், மாத்திரைக்கு நோய் கேட்க வாய்ப்புண்டு என்று சமாதானமும் சொன்னேன். இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "நான் பீடிய வாயில வச்சதே இல்லன்னு அந்தத் தாள்ல வருமா தம்பி?"

பாப்போம்

ஆஸ்பத்திரியில் ஊசியால் எடுத்த சதையை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாகக் கொடுப்பார்கள். தங்கபுஷ்பம் அதைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடுகில் பாதி. பத்து வருஷமாகப் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாதா, இது பத்தாதென்று? மறுபடியும் நெஞ்சில் குத்தணும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. 'பாப்போம்' என்று அனுப்பிவிட்டேன். சவம், அந்த ஒரு வார்த்தை!

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது: சதை போதாது. அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அண்ணே, ஒங்களுக்கு அண்ணைக்கே தெரியும்லா?"

இரண்டாம் ஊசி

இந்தத் தடவை நானே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். அக்கறை என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் என்பதுதான் சரி. அண்ணாச்சிக்குப் படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார வைத்தே எடுத்தார்கள். வியர்த்து ஊற்றிய முகத்தோடு என் கையைப் பிடித்தார்: "நெறய எடுத்தாச்சுல்லா? இனி தாங்காது மக்கா."

தாள்

ரிப்போர்ட் வந்தது. மாற்றம் உண்டு, மாத்திரை கேட்கிற வகை. துள்ளிக் குதித்துப் போன் போட்டேன். முந்தின நாள்தான் அடக்கம் முடிந்திருந்தது.

நாலாம் நாள் தங்கபுஷ்பம் வந்தாள். "மாத்திர கேட்டிருக்குமா?" என்றாள். பொய் சொல்ல வரவில்லை, "ஆமா" என்றேன். மாத்திரை போட்டுப் பார்க்க நாள் இருந்திருக்கும், அந்தப் பன்னிரண்டு நாளை நான் தின்றுவிட்டேன். என்னை ஏசுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் தாளின் உச்சியில், என் படிவத்திலிருந்து இங்கிலீஷில் ஏறியிருந்த 'புகைப்பழக்கம் இல்லை' என்ற வரியில் விரலை வைத்தாள்: "இத மட்டும் தமிழ்ல எழுதித் தாங்கண்ணே, ஊர்ல நாலு பேருக்குக் காட்டணும்."

இத்தனை வருஷத்தில் கேட்ட உடனே நான் கொடுத்த ஒரே ரிப்போர்ட் அந்த ஒரு வரிதான். அதற்கு ஊசியும் வேண்டாம், சதையும் வேண்டாம்.