இரண்டு இடது இறக்கை

விமானத்தைப் பற்றித் தையல்காரருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஏறினால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறார். அந்த வருஷம் வெள்ளத்தில் பாலம் போய்விட்டது. பிரசவ வலியில் கிடந்த மனைவிக்கு ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். மருந்துப் பெட்டிகளை இறக்க வந்த சின்ன விமானத்தை ஓட்டிய விமானியம்மா, ஒரு கேள்வியும் கேட்காமல் ஸ்ட்ரெச்சரை ஏற்றிக்கொண்டார். தாயும் பிழைத்தாள், பெண்ணும் பிழைத்தாள். அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள், அப்பாவுக்கே புத்தி சொல்கிறாள்.

வருஷக் கடைசியில் விமானியம்மா ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி, கால்சட்டை இடுப்பைப் பிரித்து விட வந்த விமானநிலையக் காவலாளி மூலம் கடைக்கு வந்தது. அன்றிலிருந்து தையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நன்றி கூடச் சரியாகச் சொன்னதில்லை. சட்டை தைத்துக் கொடுக்கலாமா என்றார். சட்டை அவர்களிடம் இல்லையா என்றாள் மனைவி. அப்படியானால் அந்த விமானத்தையே சின்ன மாதிரியாகச் செய்து கொடுப்பேன் என்றார். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

பொம்மைக் கடையில் போர் விமானம் பெட்டியில் கிடைத்தது, ஜெட் கிடைத்தது. மருந்துப் பெட்டி சுமக்கும் அப்பாவி விமானத்தை எவனும் பெட்டியில் போட்டு விற்கவில்லை. வெறும் பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்தார். வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் சுருக்கினார்: நிஜத்தில் இருபத்துநாலு அங்குலம், இங்கே ஒரு அங்குலம். அளவெடுக்கிற வேலைதானே, நமக்குத் தெரியாததா என்று ஒரு மிதப்பு. முதலில் செய்த உடம்பு, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இரண்டாவது தேவலை. கண்ணாடி ஜன்னலுக்கு, மெல்லிய பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி மர அச்சின் மேல் இழுத்துப் பிடித்தார். துணியில் அடையாளம் போடும் பற்சக்கரத்தை இறக்கையில் உருட்டியபோது நிஜ விமானத்தில் இருப்பது போலவே ஆணித் தலைகள் வரிசை வரிசையாகப் பதிந்தன. மனுஷர் குழந்தை மாதிரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இடக்கை, வலக்கை இரண்டும் தானாக வந்துவிடும். கை பழகியது அப்படி. பிளாஸ்டிக்கை மடிக்க முடியாது. ஒன்றை வெட்டி, அதையே மேலே வைத்து மற்றதையும் வெட்டி, உள்ளே முட்டுக் கொடுக்கும் எலும்புகளை இரண்டிலும் ஒரே பக்கமாக ஒட்டிவிட்டார். உடம்போடு பொருத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டுமே இடது இறக்கை.

"இத்தன வருஷத்துல ஒரு சட்டைக்கு ரெண்டு எடது கை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு வந்த கோபத்தில் அன்று இரண்டு வாடிக்கையாளர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் மறுநாளே வலது இறக்கை வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

பிரிவு உபசாரத்துக்கு ஒரு வாரம் இருந்தது. உள்ளே இருக்கைகள், ஸ்ட்ரெச்சர், வார்ப்பட்டைகள் எல்லாம் வைத்து, கூரையை ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்திருந்தார். பக்கத்துக் கதவு மட்டும் நிஜம் போலவே திறந்து மூடும். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மேல ரிப்பன் எங்க?"

எந்த ரிப்பன் என்றார் இவர். காற்று வருகிற ஓட்டையில் ஒரு நீல ரிப்பன் கட்டியிருந்தது என்றாள் அவள். தேடிப் பிடித்த புகைப்படங்களையெல்லாம் அவர் எடுத்துக் காட்டினார். ஒன்றிலும் ரிப்பன் இல்லை. இல்லாததை வைத்தால் அது பொய் ஆகிவிடும், நானும்தான் அந்த விமானத்தில் இருந்தேன் என்று குரலை உயர்த்தினார்.

"இருந்தீங்க. கண்ண மூடிக்கிட்டு முன்னால இருந்தீங்க. மல்லாந்து படுத்திருந்தது நான்."

இந்த நன்றி யாருடையது என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிரித்துத் தைப்பது அவருக்குப் புதிதல்ல; ஆனால் காய்ந்த பெயின்ட் மேல் அறுவைக் கத்தியை வைத்து நூல் நூலாக நகர்த்தினார். கீறல் விழுந்தால் மறுபடி செய்ய நாள் கிடையாது. கூரை மெல்லக் கழன்று வந்தது. நீலப் பட்டு நூலைப் பிரித்து, இரண்டே இழையை ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி, கூரையைத் திரும்ப மூடினார்.

உபசாரம் முடிந்து கூட்டம் கலைந்தபின் இருவரும் விமானியம்மாவிடம் போனார்கள். அவருக்கு இவர்களை நினைவில்லை. எத்தனையோ பேரை ஏற்றியிருப்பார். மாதிரியைக் கையில் வாங்கி, அழகாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார். பிறகு கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ரிப்பனப் பத்தி யாரு சொன்னாங்க? காத்து சரியா வரலன்னு நான் சொன்னப்போ ஒருத்தரும் நம்பல. காத்து வந்தா ஆடும், இல்லன்னா தொங்கும்னு காட்டத்தான் கட்டி வச்சேன். அடுத்த சர்வீஸ்ல கழட்டிட்டாங்க. என்னைத் தவிர யாருக்கும் அது ஞாபகம்கூட இருக்காதே."

மனைவிதான் பதில் சொன்னாள். "அன்னிக்கு எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டே வந்துச்சு மேடம். அது மட்டும் ஆடுறது தெரிஞ்சுது. அது ஆடுற வரைக்கும் காத்து இருக்கு, காத்து இருக்கிற வரைக்கும் மூச்சு விடலாம்னு அதையே பாத்துக்கிட்டு வந்தேன். உங்களாலதான் இருக்கேன்."

தையல்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இதை அவர் கேட்டதில்லை.

விமானியம்மா மாதிரியை முகத்தருகே தூக்கி, திறந்திருந்த கதவு வழியாக மெல்ல ஊதினார். உள்ளே நீல இழை அசைந்தது. மனைவி குனிந்து பார்த்தாள், அவள் தோளுக்கு மேலாகத் தையல்காரரும் குனிந்தார். இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை.