காலை இழுத்து நடக்கச் சொன்ன அத்தை

மரக்காணத்து உப்பளத்துக்காரர்களுக்கு நடை என்பது பெரிய விஷயம். உப்புப் பாத்திக்குள் இறங்கினால் காலைத் தூக்கித் தூக்கித்தான் வைக்க வேண்டும். இழுத்து நடந்தால் அடிச்சேறு கலங்கி உப்பு கறுத்துவிடும். ஒருமுறை நான் காலைத் தேய்த்து நடந்ததற்கு அப்பா என்னை வரப்பு முழுக்கத் துரத்தினார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வயதில் நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

அம்மாவின் தம்பியான என் மாமா, மீனவர் குப்பத்துப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய் ஒரு வருஷம் கழிந்திருந்த சமயம். அத்தை வந்து ஆறு மாதமாகியும் அம்மா அவளோடு அளந்துதான் பேசுவாள். அத்தை குழம்பு வைத்தாலும் கோலம் போட்டாலும், "குப்பத்துல அப்படித்தான் போல" என்று ஒரு வார்த்தை வந்து விழும். அம்மா சிரித்தால் நானும் சிரிப்பேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாமா, அத்தையின் அண்ணனிடம் வீச்சுவலையை இரவல் வாங்கிக்கொண்டு முகத்துவாரத்துக்கு மடவை மீன் பிடிக்கப் போனார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் அத்தைக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லும்மா. தண்ணில காலத் தூக்கி வெக்க வேணாம், மண்ணோட இழுத்து இழுத்து நடக்கச் சொல்லு. திருக்கை மண்ணப் போத்திக்கினு படுத்திருக்கும், கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியும். காலு உரசுச்சின்னா அதுவே எழுந்து ஓடிடும். மேல மிதிச்சாத்தான் வால வீசும்."

ஓடினேன். ஓடும்போதே முடிவும் செய்துவிட்டேன். இதைப் போய்ச் சொன்னால் மாமா சிரிப்பார், வீட்டுக்கு வந்ததும் அம்மா சிரிப்பாள். காலை இழுத்து நடக்கச் சொல்கிற ஒருத்தியை உப்பளத்தில் யார் மதிப்பார்கள்? அத்தையின் மானத்தைக் காப்பாற்றுகிற பெரிய மனுஷியாக, வாயை மூடிக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன்.

மாமா முட்டளவு தண்ணீரில், பாத்தியில் நடப்பதுபோலவே அழகாகக் காலைத் தூக்கி வைத்து நடந்தார். துளிகூடக் கலங்கல் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நாலாவது முறை வலையை வீசக் காலை முன்னால் ஊன்றியவர் அலறினார். வலையை விட்டுவிட்டுக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சாய்ந்தார். அவர் பக்கத்தில் மணல் கிளம்பியது. முறம் அகலத்துக்கு ஒன்று எழுந்து, ஓரங்களை அலைபோல அசைத்தபடி ஆழத்துக்குப் போய்விட்டது.

திருக்கை யாரையும் துரத்துகிற மீன் அல்ல. அதற்கு வாய் அடிவயிற்றுப் பக்கம் இருக்கிறது. நண்டையும் மட்டியையும் அரைத்துத் தின்னும். மணலில் புதைந்திருக்கும்போது கண்ணுக்குப் பின்னால் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சுவிடும். வாலில் இருக்கிற அந்த ரம்பமுள், மேலே பாரம் விழுந்தால் மட்டுமே பாயும். இதெல்லாம் பிற்பாடு அத்தை சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை என்பதுதான்.

கரையில் இருந்த இரண்டு பேர் மாமாவை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கணுக்கால் கிழிந்து ரத்தம் நிற்கவில்லை. வலி தாங்காமல் தலையைச் சுவரில் மோதினார். பாம்புக்கடிக்குக் கட்டுவதுபோல் கட்ட அம்மா கயிற்றோடு ஓடி வந்தாள். அத்தை கயிற்றைப் பிடுங்கி எறிந்தாள். அடுப்பிலிருந்த வெந்நீரை அன்னக்கூடையில் ஊற்றி, பச்சைத்தண்ணீர் கலந்து, தன் கையை முக்கிப் பார்த்தாள். பிறகு மாமாவின் காலை அதற்குள் அழுத்தினாள். அவர் ஊளையிட்டார்.

"அடிப்பாவி, வேக வெச்சே கொல்லப் பாக்கிறியா?" என்று அம்மா அவள் முதுகில் அறைந்தாள். அத்தை பிடியை விடவில்லை.

"திருக்கை வெசம் சூட்டுலதான் அடங்கும் அண்ணி. மொதல்ல தண்ணி, அப்பறம் ஆஸ்பத்திரி. யாராச்சும் ஆட்டோவக் கூப்புடுங்க."

கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமா செத்துவிடுவார், கொன்றது நான்தான் என்று நினைத்தேன். தண்ணீர் ஆற ஆற அத்தை வெந்நீர் சேர்த்துக்கொண்டே இருந்தாள். ஊளை மெல்ல முனகலாயிற்று. கடைசியில் மாமாவே, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உடைந்து நின்ற முள்ளை எடுத்து, தையல் போட்டு, ஊசி போட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் மாமா அசந்து தூங்கினார். பயம் தெளிந்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"இவ்ளோ தெரிஞ்சவ, முன்னாடியே அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"மறந்துட்டேன் அண்ணி" என்றாள்.

அம்மா அவளைத் திட்டித் தீர்த்தாள். அவள் பிறந்த குப்பத்தையும் சேர்த்துத் திட்டினாள். அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னிடம் சொல்லியனுப்பியதையே அத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து, அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.