பூட்டிய போனும் வீராசாமி வீட்டு நோட்டும்

வீராசாமி இறந்த செய்தியை அவர் மனைவி ஈப்போவிலிருந்து போனில் சொன்னார். "அண்ணே, அவுங்க போயிட்டாங்க. அந்த நோட்ட உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னாங்க." எந்த நோட்டு என்று நான் கேட்கவில்லை.

அவரை அறிந்த உங்களில் பலருடைய பிறந்த தேதி அதில்தான் இருக்கிறது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருவரும் கிராணிகள், ஆபீஸ் கணக்கெழுதுகிறவர்கள். ஆபீசின் பழைய பிறப்புப் பதிவுப் புத்தகங்களை மேனேஜர் எரிக்கச் சொன்னார். வீராசாமி எல்லாவற்றையும் நோட்டில் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அது தெரிந்ததும் அவர் வேலை போயிற்று. இங்கேதான் பிறந்தோம் என்று காட்டி நம் சனம் பிரஜாவுரிமை கேட்க அந்த நோட்டைவிட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

ஆபீஸ் போனில் நாங்கள் வெளியே பேசக்கூடாதென்று எண்வட்டில் பூட்டு தொங்கியது. வேலை போய்க் கிளம்பும் அன்று வீராசாமி அதைப் பார்த்துச் சிரித்தார். "பூட்டு வட்டுக்குத்தான் மச்சான், கொக்கிக்கு இல்ல லா." ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தட்டினாலே எண் போகும். மூன்றுக்கு மூன்று தட்டு, சுழியத்துக்குப் பத்து. அப்படித் தட்டி அவர் வீட்டைப் பிடிப்பேன். அவர் நோட்டைப் படிப்பார், நான் விண்ணப்பத்தில் எழுதுவேன்.

தோட்டத்துப் பெண் லெட்சுமியின் முறை வந்தபோது, பாதித் தட்டலில் மேனேஜரின் கார் சத்தம். பயந்துபோய் ரிசீவரை வைத்துவிட்டேன். வெளியே, பதிவு அலுவலகத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லாரி அவளுக்காக நின்றது. முந்தின மாதம் அவள் தம்பிக்காக வீராசாமி அந்தக் குடும்பத்தின் பக்கத்தைப் படித்தபோது லெட்சுமி என்ற பெயரோடு கேட்ட தேதி ஞாபகத்தில் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தேன். அது அவளுக்கு முன் பிறந்து எட்டாம் நாள் இறந்த அக்காளின் தேதி. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது நம் வழக்கமாயிற்றே! செத்தவளின் பிறப்பைக் காட்டி ஏமாற்றுகிறாள் என்று இறப்புப் பதிவைப் பார்த்த அதிகாரிகள் அவள் கோப்பில் எழுதிவிட்டார்கள்.

"ரெண்டு லெட்சுமி இருக்கு மச்சான், ஒரு வாட்டி கேட்டிருக்கலாமே" என்றார் வீராசாமி. அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பிறகு வருஷா வருஷம் அவளை அழைத்துக்கொண்டு அவர்தான் பதிவு அலுவலகப் படியேறினார். நான் ஒருமுறையும் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கம்.

சாவு வீட்டில்தான் லெட்சுமியைப் பார்த்தேன். பிரஜை அல்லாதவர்களுக்கான சிவப்புக் கார்டு இன்னும் அவள் கையில். "இனிமே யாருண்ணே என்கூட வருவா?" என்றாள்.

நோட்டு இப்போது என்னிடம். லெட்சுமி பெயருக்கு எதிரே, அலுவலகம் போய் வந்த தேதிகளையெல்லாம் வீராசாமி வரிசையாக எழுதியிருக்கிறார். கடைசித் தேதிக்குக் கீழே, வருகிற திங்கட்கிழமையின் தேதியை என் கையால் எழுதினேன்.