அவங்க சொல்லட்டும்

அவசரப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த நர்ஸுக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. யார் முதலில் உள்ளே போவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். வந்த வரிசையை அவள் பார்ப்பதே இல்லை.

தங்கைக்கு நெஞ்சு அடைக்கிறது என்று கூட்டிப் போனேன். அவள் அதிகம் பேசமாட்டாள். நர்ஸ் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க. அவங்க சொல்லட்டும்."

"என் வாயையா? கட்டின புருஷனாலயே முடியல, போய்ச் சேர்ந்துட்டாரு."

நர்ஸ் சிரித்தாள். ஆனால் கண் தங்கையை விட்டு நகரவில்லை. "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு... ரொட்டி... அக்கா..."

சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது. நர்ஸ் உடனே சக்கர நாற்காலியை இழுத்தாள்.

தலையில் கட்டோடு காத்திருந்த ஆள் எகிறினான். "ஒரு மணி நேரமா கத்துறேன், இவங்க இப்பத்தானே வந்தாங்க!"

"இவ்வளவு கத்துறீங்கல்ல, மூச்சு நல்லாத்தான் இருக்கு. உட்காருங்க."

இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

மறுநாள் தங்கையிடம், "எப்படிடி இருக்கே?" என்று கேட்டுவிட்டு, என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

அவள் ஒரே மூச்சில் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கேன், நீ கொஞ்சம் நகரு, காத்து வரட்டும்."