மஞ்சள் தண்ணீர் பட்ட சென்சர்

எனக்குப் பொறுமை கிடையாது. பழுதான சாமானை யாராவது கொண்டுவந்தால், முதலில் ஏசிவிட்டுத்தான் கழற்றவே தொடங்குவேன். கரவெட்டியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் அன்று ஏச வாய் வரவில்லை. அவரது கணவர் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்த மத்தியானம் அது.

"தம்பி, பெட்டி சூடாகுதில்லை. ஒருக்கா வந்து பாரும்" என்றார்.

கோழி முட்டைகளைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் மின்சாரப் பெட்டி. கணவர் ஆசையாக வாங்கி, ஒரு நாள்கூடப் பாவிக்காமல் போய்விட்டார். செத்தவீட்டில் சும்மா இருக்க முடியாமல், அக்கா பதினோராம் நாளே முப்பது முட்டைகளை அடுக்கிவிட்டார். "செத்தவீட்டுத் துடக்குக்குள்ளை என்ன குஞ்சு பொரிப்பு? ஒண்டும் உருப்படாது" என்று கணவரின் தங்கை சொன்னது ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்டது. இருபத்தொரு நாள் கணக்குக்கு நாளைக்குக் குஞ்சு பொரிக்க வேண்டும். இப்போது முட்டைகள் குளிர்ந்துபோனால் அந்தச் சொல் பலித்துவிடும் என்பதுதான் அக்காவின் பயம்.

பெட்டி நாற்பத்தைந்து பாகை என்று காட்டியது. உள்ளே கையை விட்டால் சூட்டையே காணோம். பாவம், பெட்டி தன் சென்சர் சொன்னதை நம்பிவிட்டது. மிளகளவுதான் அந்தச் சென்சர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்தத் தடையைப் பார்த்துத்தான் பெட்டி சூட்டைக் கணிக்கும். போதுமென்று கண்டால் ஹீற்றரை நிறுத்திவிடும். சென்சரைக் கழற்றி, மல்ரிமீற்றரின் முனைகளை வைத்தேன். அறைச் சூட்டில் எட்டு கிலோ ஓம் அளவில் இருக்க வேண்டியது, நாலரைதான் காட்டியது. தடவிய விரலில் மஞ்சள் ஒட்டியது.

"அக்கா, இதுக்குள்ளை என்ன ஊத்தினீங்கள்?"

"துடக்குக் கழிய வீடெல்லாம் மஞ்சள் தண்ணி தெளிச்சனான். பெட்டிக்குள்ளையும் கொஞ்சம்..." அவருக்கே விளங்கிவிட்டது. "நான்தான் கெடுத்துப்போட்டனோ?"

"ஓம்" என்றேன். எனக்குப் பொய் வராது. "ஈரத்துக்குள்ளாலையும் கரண்ட் போகுது. தடை குறைஞ்சவுடனை, பெட்டி கடுஞ்சூடு எண்டு நினைச்சிட்டுது. காய வைச்சாச் சரி."

அக்கா முட்டைகளைத் துவாயால் மூடினார். நான் சென்சரை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்தேன். மீற்றர் எட்டுக்கு ஏறியது. இன்னொரு சூட்டிலும் பார்க்க வேண்டுமே, கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். ஆறில் வந்து நின்றது. உடம்புச் சூட்டுக்கு அதுதான் கணக்கு. கையை இடுக்கிக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து அக்கா சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எனக்குப் பெரிய சந்தோஷம். இனி ஈரம் புகாதபடி சென்சரைப் பசையால் மூடித் திரும்பப் பெட்டிக்குள் பூட்டினேன்.

சூடு முப்பத்தேழரைக்கு வந்ததும், அக்கா ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவதில் முகம் மாறியது.

"உள்ளுக்குக் கத்துது, தம்பி."

என்னிடம் தரவில்லை. குசினிக்குப் போய், அங்கே சட்டி கழுவிக்கொண்டிருந்த, அன்று அந்தச் சொல்லைச் சொன்ன மச்சாளின் காதில் அந்த முட்டையை வைத்தார். "கேக்குதோ?" என்றார். மச்சாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, முட்டையை இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்தபடி அழத் தொடங்கினார்.